ஆலமரத்தடியில் நமக்கு இடம் எங்கே? நகரக் கலைக்களஞ்சியமும் முக்கியத்துவத்தின் அரசியலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் கணினி அறை. விக்கிப்பீடியாவில் நம் மேற்குப் புறநகர் பற்றிய கட்டுரைகளை எழுத ஒரு பயிலரங்கு. பெயரெல்லாம் வேண்டாம், நடத்தியவர்கள் நல்ல மனிதர்கள்தான். எங்கள் மாலைநேரப் படிப்பகத்திலிருந்து ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். காலையில் முதல் வேலையாக வெள்ளைப் பலகையில் ஒரு பட்டியல் போட்டார்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதியில் அவசியம் இருக்க வேண்டிய 25 கட்டுரைகள் எவை?

பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது. திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயில். பாடி திருவலிதாயம். திருமழிசை ஆழ்வார். பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயில், திருக்கச்சி நம்பி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1955 ஆவடி காங்கிரஸ். ஒரு சினிமா தியேட்டர். நான்கு பொறியியல் கல்லூரிகள். கல்லூரிகளைச் சொன்னவர்கள் அந்தந்தக் கல்லூரியில் படிப்பவர்கள்தான், அதில் தப்பில்லை.

எங்கள் மாணவிகளில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஆவடியில செப்டிக் டேங்க்ல இறங்கி செத்தவங்களப் பத்தி ஒரு கட்டுரை எழுதலாமா?" என்று கேட்டாள். அறை கொஞ்சம் அமைதியானது. நடத்தியவர் கோபப்படவில்லை. "அது நியூஸ்மா. கலைக்களஞ்சியம் செய்தித்தாள் கிடையாது" என்றார். உண்மையிலேயே அப்படி ஒரு விதி விக்கிப்பீடியாவில் இருக்கிறது. அவர் விதியைத்தான் சொன்னார். பட்டியல் மேலே நகர்ந்தது, இருபத்துமூன்றாவது இடத்தில் ஒரு ஷாப்பிங் மால் வந்து உட்கார்ந்தது.

தோழர்களே, அந்த மால் பற்றித்தான் இவ்வளவு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எது முக்கியம் என்பது விக்கிப்பீடியாவில் எப்படி முடிவாகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழில் இதற்கு முன் வந்த பெரிய கலைக்களஞ்சியங்களில் கேள்வியே இல்லை. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அறிஞர்கள் கூடி எதைச் சேர்ப்பது, எதற்கு எத்தனை பக்கம் என்று முடிவு செய்தார்கள். நாம் வாசகர்கள், அவ்வளவுதான். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஊதியமில்லாமல் இதைச் செய்த ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட புராஜெக்ட் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் 'யாரும் எழுதலாம்' என்பதற்கும் 'எல்லாரும் எழுதுகிறார்கள்' என்பதற்கும் நடுவில் ஊருக்கும் சேரிக்கும் இடையில் இருக்கிற தூரம் இருக்கிறது. ஒரு சின்னச் சான்று சொல்கிறேன். பங்களிப்பாளர்கள் கூடிப் பொதுவான விஷயங்களை விவாதிக்கும் பக்கத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் என்ன பெயர் தெரியுமா? ஆலமரத்தடி. பெயர் வைத்தவர்களுக்கு அது கிராமத்து நிழல், இனிமையான நினைவு. எங்கள் பாட்டிக்கு ஆலமரத்தடி என்றால் பஞ்சாயத்து. நம்மவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று தீர்ப்பைக் கேட்ட இடம். இதைச் சொன்னால் "எல்லாத்துலயும் சாதியைப் பார்க்கிறீங்க" என்பார்கள். பெயரை மாற்றச் சொல்லி நான் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னும் வெளிப்படையான ஓர் ஏற்பாடு உண்டு. சென்னை தொடர்பான கட்டுரைகளின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தால், இந்தத் தலைப்பு சென்னைக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு குறி இருக்கும். உச்சம், உயர்வு, நடுத்தரம், தாழ்வு என நான்கு படிகள். ஆமாம், நான்கு படிகள்தான், சிரிக்காதீர்கள். இந்தக் குறியை எந்தக் குழுவும் கூடி வாக்கெடுத்துப் போடுவதில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு மாலையில் உட்கார்ந்து நூறு கட்டுரைகளுக்கு வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார். பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. எந்தக் கட்டுரையை முதலில் மேம்படுத்துவது என்பதற்கான வேலைக் குறிப்புதான் அது, வாசகர் கண்ணில் படாது. ஆனால் அடுத்து வருகிற தன்னார்வலர் அதைப் பார்த்துத்தான் தன் ஞாயிற்றுக்கிழமையை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிக்கிறார். இப்படித்தான் உச்சத்தில் இருப்பது மேலும் வளர்கிறது. தாழ்வில் இருப்பது இரண்டு வரியோடு கிடக்கிறது.

கிராமப் பக்கம் போனால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு அரசுத் தரவை வைத்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தானியங்கி மூலம் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். மேலே ஊராட்சியின் பெயர். நடுவில் குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை என்று ஓர் அட்டவணை. கடைசியில் அந்த ஊராட்சியில் அடங்கிய சிற்றூர்களின் பட்டியல். நம் ஆட்கள் இருப்பது அந்தக் கடைசிப் பட்டியலில்: 'இன்ன ஊர் காலனி'. ஊரின் பெயரே நம் பெயர், பின்னால் ஒரு ஒட்டு. கட்டுரை எழுதியது மனிதர் அல்ல, கணினி நிரல். அரசு எப்படி அடுக்கி வைத்திருந்ததோ அதை அப்படியே எடுத்து வைத்தது.

இனி அந்த 'நியூஸ்' விஷயத்துக்கு வருகிறேன்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கட்சியின் அறுபதாவது மாநாடு நடந்தது. யு.என். தேபர் தலைமை, நேரு வந்தார், சோசலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. சில நாள் கூட்டம். பந்தல் போட்டார்கள், பந்தலைப் பிரித்தார்கள். அது வரலாறு, யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. அதே ஆவடியில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுத் திணறிச் செத்துப்போவது ஒருமுறை நடந்து முடிந்த விஷயம் இல்லை. மனிதர் இறங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்த பிறகும் நடந்திருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன பிறகும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது என்றால் என்ன அர்த்தம்? இறப்பு நின்றபாடில்லை என்று அர்த்தம். சில நாள் மாநாடு கலைக்களஞ்சியத்துக்குரியது. முப்பது ஆண்டாக, ஒரே சாதிகளின் ஆட்கள், ஒரே விதமாக, ஒரே வேலையில் சாவது மட்டும் செய்தி.

ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகப் பார்த்தால் அது செய்திதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி, 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. வாயுதான் குற்றவாளி. அதைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் அது ஓர் அமைப்பு என்று தெரியும். சேர்த்துவைத்துப் பார்ப்பதுதானே கலைக்களஞ்சியத்தின் வேலை? அந்த மாணவியிடம் நான் பிறகு சொன்னது இதுதான்: 'ஆவடியில் இறந்தவர்கள்' என்று கேட்காதே, 'சென்னைப் புறநகரில் கழிவுநீரகற்றல்' என்று கேள். அந்தத் தலைப்பை யாராலும் மறுக்க முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் எவை, அங்கே தொட்டியைச் சுத்தம் செய்வது யார், ஒப்பந்தம் யாரிடம், செத்தது யார். எல்லாம் ஒரே கட்டுரைக்குள் வந்துவிடும். சொன்னபோது எனக்கே ஒரு கூச்சம். சாவைச் சொல்வதற்குக் குழாயின் பின்னால் ஒளிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று. அவள் அதைக் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதே ரகத்தில் இன்னொன்றும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். ரிப்பன் மாளிகை 1913இல் திறந்த கட்டடம், வெள்ளை நிறம், அழகு, எந்தச் சென்னைப் பட்டியலிலும் உச்சத்தில் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அதன் வாசலில் நடந்தது அந்தக் கட்டடத்தின் வரலாறா இல்லையா? மாநகராட்சி என்பது தூண்களும் கோபுரமும்தானா?

ஆதாரம் பற்றிய சண்டைதான் இதில் கடினமானது. இங்கே நம் பக்கமும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

விக்கிப்பீடியாவில் எதை எழுதினாலும் ஏற்கெனவே வெளியான, நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த அறையிலேயே பார்த்தேன். ஒரு பையன் தன் மாமாவின் ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்குக் கட்டுரை ஆரம்பித்துவிட்டான். வட்டச் செயலாளர்கள் எல்லாரும் 'மக்கள் தலைவர்' ஆகிவிடுவார்கள். சாதிச் சங்கங்கள் ஏற்கெனவே அங்கே வந்து, தங்கள் சாதிதான் ஆண்ட சாதி என்று எழுதிவிட்டுப் போகின்றன. அவர்களைத் தடுப்பதும் இதே விதிதான். ஆகவே விதியைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எது ஆதாரம் ஆகிறது என்று பாருங்கள். ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று இணையத்தில் தேடினால், ராணுவ வாகனக் கிடங்கின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஆவடி' வருகிறது என்ற கதை கிடைக்கும். பத்திரிகையிலும் வந்திருக்கிறது, போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் வருகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். 1955இலேயே நேரு ஆவடி என்ற ஊருக்குத்தானே வந்தார்? ராணுவம் வருவதற்கு முன்னால் அங்கே ஊர் இல்லையா, ஊருக்குப் பெயர் இல்லையா? கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரிகிற பிழை, அச்சில் வந்துவிட்டதால் ஆதாரம். எங்கள் தெருப் பெரியம்மா, அந்த மண்ணில் நாற்று நட்டவர், தொழிற்சாலைகளுக்காக எந்த வயல் போனது, எந்தக் குட்டை மூடப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அது அச்சில் வரவில்லை. ஆகவே ஆதாரம் இல்லை.

சமூகவியல் படித்தபோது எம்.என். சீனிவாஸ் எழுதிய, நினைவில் நின்ற கிராமம் பற்றிய நூலைப் பாடமாக வைத்திருந்தார்கள். அதன் கதை தெரியுமா? 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில், பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. அதன் பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976இல் வெளியிட்டார். இன்றைக்கு அது செவ்வியல் நூல், யார் வேண்டுமானாலும் மேற்கோள் காட்டலாம். பேராசிரியரின் ஞாபகம் ஆதாரம், பெரியம்மாவின் ஞாபகம் வாய்வழிக் கதை! சீனிவாஸைக் குறை சொல்லவில்லை, நல்ல நூல். அந்த வித்தியாசத்தை உருவாக்கியது எது என்று கேட்கிறேன். ஞாபகத்துக்கும் நமக்கும் நடுவில் ஓர் அச்சகம் நின்றது, அவ்வளவுதானே?

இதை யாரும் யோசிக்காமல் இல்லை. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு ஒரு முயற்சி செய்தார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், அச்சில் வராத அறிவை, மக்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே மேற்கோளாகக் காட்டி மலையாளம், இந்தி உட்பட மூன்று மொழிகளில் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். 'மக்களே அறிவு' என்ற பொருள்படும் தலைப்பில் அதைப் படமாகவும் எடுத்தார்கள். அது பொது விதியாக மாறவில்லை. ஆனால் வழி ஒன்று இருக்கிறது என்பது பதிவாகிவிட்டது.

இன்னொரு பக்கம், நம் வரலாற்றுக்கு ஆதாரமே இல்லை என்ற பேச்சை நாமே நம்பிவிட்டோம். அதுதான் எனக்கு அதிகக் கோபம். நம் மேற்குப் புறநகர் முழுவதும் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். 1879இல் க்ரோல் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய மாவட்டக் கையேட்டை உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் தேடிப்பிடித்து மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பன்னிரண்டே ஆண்டு கழித்து, 1891இல், அதே மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர்களுக்கு நிலம் கிடைக்காமல் மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள், வீட்டு மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, அடித்தால் கேட்பதற்கு நாதியில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டது இந்த அரசாணையின் பெயரால்தான். அரசு ஆவணம், அச்சில் இருக்கிறது, மாவட்ட ஆட்சியரே எழுதியது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அப்படியும் பூவிருந்தவல்லி வட்டாரத்தின் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால், ஆழ்வாரிலிருந்து நேராக வெள்ளைக்காரனின் ராணுவ முகாமுக்குப் போய்விடுகிறோம். நடுவில் நிலம் யாருடையது என்ற கேள்வியே வருவதில்லை.

அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இலிருந்தே நூலாகக் கிடைக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்து நடத்தினார். ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஸ்டாலின் ராஜாங்கம் தொடர்ந்து எழுதுகிறார். இவற்றையெல்லாம் நாம் மேடையில் பேசுகிறோம், முகநூலில் போடுகிறோம். கட்டுரையில் அடிக்குறிப்பாக எத்தனை பேர் சேர்த்திருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சமகாலம்தான் உண்மையில் சிக்கல். பூவை மூர்த்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்சி பாரதம் கட்சியை உருவாக்கியவர், 2002இல் மறைந்தார். பூவிருந்தவல்லியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் எத்தனை சேரி முனைகளில் அவர் படம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விரல் போதாது. அவரைப் பற்றிக் காத்திரமாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்றால் எதை ஆதாரமாக வைப்பீர்கள்? அவர் காலத்தில் பெரிய பத்திரிகைகளின் கண்ணுக்கு நம் தலைவர்கள் பெரும்பாலும் பட்டது சட்டம் ஒழுங்கு பக்கத்தில்தான். அந்தச் செய்திகளை மட்டும் வைத்து எழுதினால் அந்தப் பக்கத்தின் மனிதராகவே அவர் கலைக்களஞ்சியத்துக்குள் போவார். அப்போது துண்டறிக்கை, மாநாட்டு மலர், சிறுபத்திரிகைப் பேட்டி, இவையெல்லாம் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று தேட வேண்டும். கரையான் அரிப்பதற்குள்.

சரி, நம் பட்டியலுக்கு வருவோம். பயிலரங்கிலிருந்து திரும்பிய பிறகு படிப்பகத்தில் உட்கார்ந்து, "நமக்கு எது முக்கியம்? நாமே 25 போடுவோம்" என்றேன். பையன்கள் கரும்பலகையை எடுத்துக்கொண்டார்கள். அம்பேத்கர் சிலைகள். தலைவர்கள். கட்சிகள். கர்லப்பாக்கத்துக்காரர் என்பதால் பா. இரஞ்சித். கானா. பத்து நிமிடத்தில் அதுவும் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு பெண் பெயர் இல்லை! சத்தியவாணி முத்து அமைச்சராக இருந்தவர், தனிக்கட்சி கண்டவர். மீனாம்பாள் சிவராஜ் இருக்கிறார். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தொழிற்பேட்டையின் ஏற்றுமதித் தையல் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேனில் போகிற அம்மாக்களுடைய பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேனும் பட்டியலில் இல்லை. ஊரார் கோயிலிலிருந்து ஆரம்பித்தார்கள், நாம் சிலையிலிருந்து ஆரம்பித்தோம். சிலைக்கு நான் எதிரி இல்லை. ஒவ்வொரு சிலைக்கும் பின்னால் எத்தனை வழக்கு, எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசைப்படுத்துகிற பழக்கத்தை அவர்களிடமிருந்தே கடன் வாங்கியிருக்கிறோமோ என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த மாணவி, செப்டிக் டேங்க் கேள்வியைக் கேட்டவள், எல்லாரும் போன பிறகு வந்தாள். அவள் இருப்பது ஒரு வாரியக் குடியிருப்பில். கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த குடும்பங்கள். அந்த இடத்துக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பட்டியலில் நான்தான் சேர்த்திருந்தேன், நட்சத்திரக் குறி போட்டு.

"அக்கா, எங்க ஏரியா வேணாம்க்கா."

"ஏம்மா? அதுதான முதல்ல வரணும்?"

"கம்பெனியில அட்ரஸ் பாத்தாலே ஒரு மாதிரி ஆயிடறாங்க. இப்ப அது ஹவுசிங் போர்டுன்னு மட்டும்தான் தெரியும். நீங்க எழுதிட்டா பேர அடிச்சதும் எல்லாம் வந்துடும். நாங்க யாரு, எங்கேர்ந்து வந்தோம், எல்லாம்."

எனக்குப் பதில் வரவில்லை. முதுகலைப் பட்டம் இங்கெல்லாம் உதவாது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா என்று நானே கிண்டலாக எழுதியவள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது, ஒரு சொல் முகவரியில் இருப்பதும் இல்லாததும் இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன என்று கொஞ்சம் புரிந்தது. பதிவாகாமல் போவது நமக்கு நடந்த கொடுமை. பதிவாவதும் எப்போதும் பாதுகாப்பு இல்லை. யாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவைத்த பட்டியல்கள் யார் கையில் என்ன ஆகும் என்பது நம் மக்களுக்குத் தெரியும். சாதிக் கலவரத்தில் முதலில் தேடி வருவது தெருப் பெயரைத்தான்.

அதனால்தான் அந்தக் குடியிருப்பின் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதவில்லை.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் மனமில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் பெயர் மாற்றிக்கொண்டு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. வாரியத்தைப் பற்றி யாராவது எழுதத்தான் போகிறார்கள். நாம் எழுதாவிட்டால் எத்தனை அடுக்கு, எத்தனை வீடு, எத்தனை கோடி என்று அறிக்கையிலிருந்து எடுத்து எழுதுவார்கள். பழைய இடத்தில் என்ன இருந்தது, யார் இரவோடு இரவாக லாரியில் ஏற்றினார்கள், எத்தனை பிள்ளைகள் அந்த வருடம் பள்ளியை விட்டார்கள் என்பது அதில் வராது. இரண்டு நாள் கழித்து அவளிடமே கேட்டேன்: "நீயே எழுதினா முதல் வரி என்ன எழுதுவ?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "இங்க ரெண்டு ஸ்கூல் டைமுக்கு பஸ் வரும், அதுக்கப்புறம் வராதுன்னு எழுதுவேன்" என்றாள்.

கலைக்களஞ்சியத்தின் முதல் வரி அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பது சரிபார்க்கக்கூடிய தகவல். யாருடைய சாதியும் அதில் இல்லை. படிக்கிறவர்கள் அந்த இடத்தை முதலில் பேருந்து வராத இடமாகத்தான் அறிவார்கள், இழிந்த இடமாக அல்ல. அவள் அதை யோசித்துச் சொன்னாளா, தற்செயலா தெரியாது. நாங்கள் இப்போது வேலையைப் பிரித்திருக்கிற விதம் அந்த வரியிலிருந்துதான் வந்தது. வாழ்கிற இடங்களைப் பற்றி அங்கே வாழ்கிறவர்கள் சரி என்று சொன்னால்தான் எழுதுவது. வேலை, நிலம், தண்ணீர், கழிவு, போக்குவரத்து பற்றி யார் அனுமதியும் கேட்காமல் எழுதுவது. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிற கட்டுரைகளுக்குள் நுழைவது. தொழிற்பேட்டை கட்டுரையில் தொழிலாளி, ஏரி கட்டுரையில் ஏரியை இழந்தவர்கள், பூவிருந்தவல்லி வரலாற்றில் 1891. தனிக் கட்டுரையை நீக்கச் சொல்லலாம். ஆதாரத்தோடு நடுவில் வைத்த பத்தியை எடுக்க, பேச்சுப் பக்கத்தில் வந்து காரணம் சொல்லியாக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பு வரும். சிலவற்றை நீக்கவும் செய்வார்கள். ட்ரெமென்ஹீர் பத்தியை ஒரு மாணவர் சேர்த்த மறுநாளே 'கட்டுரைக்குத் தொடர்பில்லாதது' என்று ஒருவர் எடுத்துவிட்டார். அவர் எடுத்ததை நம் ஆள் திரும்ப வைக்கவில்லை, பேச்சுப் பக்கத்தில் போய்க் காரணம் கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

படிப்பகம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. மடிக்கணினி இல்லாவிட்டால் பரவாயில்லை, கைபேசி போதும், புதிதாக வருகிறவர்கள் மணல்தொட்டியில் எழுதிப் பழகலாம். வரும்போது வீட்டில் பழைய இரவுப் பள்ளி நோட்டீஸ், சங்கத்து ரசீது, மாநாட்டு மலர், கம்பெனி அடையாள அட்டை, பட்டா நகல் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். அசலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். பெரியம்மாவை இந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். குட்டைகள் எங்கெங்கே இருந்தன என்று வரைபடத்தில் குறிக்க இரண்டு பேர் தேவை.